11 பேரை எங்கே தங்க வைப்பது?
பிடதி பூங்காவுக்குப் போகும் பெரிய குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

ஏப்ரல், மே பிறந்துவிட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து கடிதம் வரும். அது அந்தக் காலம். இப்போது செல்போனில் சேதி வருகிறது. ஆனால் சேதி என்னவோ பழைய சேதிதான். "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. நாங்க எல்லாரும் புறப்பட்டு வர்றோம்."

அதற்கு அடுத்த வரிதான் இந்த 20 ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தது. "பிடதியிலே வொண்டர்லா இருக்காமே, அதைப் பார்க்கணும்னு பசங்க ஒரே அடம்!"

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 28 கிலோ மீட்டர் தூரத்தில், பிடதிக்கு அருகே இருக்கிறது வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. 2000-ல் கொச்சியில் முதல் பூங்காவைத் தொடங்கியவர்கள், 2005-ல் இங்கே இரண்டாவதைத் திறந்தார்கள். ராட்சத ராட்டினம், நீர்ச் சறுக்கு, அலை அடிக்கும் குளம் என்று ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகும். பெரியவருக்குத்தான் தூக்கம் போகும். ஸ்ரீராமபுரத்திலோ, அல்சூரிலோ, விவேக் நகரிலோ ஒரு ஹாலும் ஒரு சமையல் அறையும் உள்ள வாடகை வீடு. அதில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வருவது அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். ஆக மொத்தம் 11 பேர். பூங்காவுக்குப் போவது ஒரு பகல்தான். ராத்திரி எங்கே படுப்பது?

"பூங்கா பக்கத்திலேயே ரூம் போட்டுவிட்டால் என்ன?" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் பணம் கரைய ஆரம்பிக்கிறது.

பக்கத்தில் தங்கத்தான் வேண்டுமா?

பூங்காவை ஒட்டியே, அதே நிறுவனம் 2012-ல் திறந்த 84 அறைகள் கொண்ட தங்கும் விடுதி இருக்கிறது. மைசூர் ரோட்டில் வேறு ஓட்டல்களும் இருக்கின்றன. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் இந்த மாதிரி இடங்களில் ஓர் அறை என்பது இரண்டு பேருக்கு என்று போட்ட கணக்கு. புதுமணத் தம்பதிக்குச் சரி, ஒரு பிள்ளையுடன் வருகிறவர்களுக்கும் சரி. 11 பேர் கொண்ட குடும்பத்துக்கு?

நேரத்தையும் பார்க்க வேண்டும். பூங்கா வழக்கமாகக் காலை 11 மணி அளவில்தான் திறக்கிறது. மாலை 6, 7 மணிக்கு மூடிவிடும். திருப்பதி தரிசனம் போல விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மெஜஸ்டிக்கில் 8 மணிக்குக் குளித்துவிட்டுப் புறப்பட்டால்கூட நேரத்துக்குப் போய்ச் சேரலாம். முதல் நாள் ராத்திரி பூங்கா வாசலில் படுத்திருப்பதால் ஒரு ராட்டினமும் கூடுதலாகச் சுற்றக் கிடைக்காது.

கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம். (விலை நாளுக்கு நாள் மாறும். சனி, ஞாயிறில் ஏறும்.) ஓர் அறையில் இரண்டு பேர், அதற்கு மேல் ஒருவருக்குக் கூடுதல் மெத்தை. 11 பேருக்கு நான்கு அறைகள், மூன்று மெத்தைகள் வேண்டும். அறை ரூ.4,000, மெத்தை ரூ.1,000 என்றால் 19,000. வரி 950. ஆக ரூ.19,950. அதே நான்கு அறைகள் நகரத்து லாட்ஜில் ரூ.1,600, மெத்தை ரூ.400 என்று கிடைத்தால் 7,600. வரி 380. ஆக ரூ.7,980. பூங்கா டிக்கெட்டை இன்னும் தொடவே இல்லை!

வரியைப் பற்றி ஒரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். "எல்லாரும் ஒரே பெரிய ரூமில் இருக்கலாமே" என்று ரூ.8,000-க்கு ஒன்றை எடுத்தால் வரி மட்டும் 1,440. நாலாயிரம் வீதம் இரண்டு அறைகளாக எடுத்தால் வரி 400-தான். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண் இல்லாத சிறிய லாட்ஜ், வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

தலையை மறைக்காதீர்கள்

பெரிய குடும்பங்கள் அடிக்கடி செய்யும் காரியம் ஒன்று உண்டு. போனில் "நாலு பேர்தான்" என்று சொல்லி இரண்டு அறை எடுப்பது. பிறகு, "இவங்க சும்மா பார்த்துட்டுப் போக வந்தவங்க" என்று ஒவ்வொருவராக மாடிக்கு அனுப்புவது.

மானேஜருக்கு இது தெரியாதா என்ன? தினம் பார்க்கிற கூத்துதானே! ராத்திரி 10 மணிக்கு மேல் கதவைத் தட்டித் தலையை எண்ணுவார். தலைக்கு இவ்வளவு என்று கேட்பார். அல்லது "இடமில்லை, காலி செய்யுங்கள்" என்பார். அந்த நேரத்தில் பேரம் பேச வாய் வராது. வயதான அம்மா கூடத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தம்பியும் அண்ணனும் கவுண்டரில் குரலை அடக்கிக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லிக் காட்டும்படியான ஒரு ராத்திரி.

முதலிலேயே உண்மையைச் சொல்லிக் கேட்டால் வழி பிறக்கும். பெரியவர் ஆறு பேர், பிள்ளைகள் ஐந்து பேர், வயது இன்னது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பல இடங்களில் காசு இல்லை. அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு மெத்தை வேண்டாம், பாயே போதும் என்றால் குறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. நான்கு கட்டில் போட்ட குடும்ப அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய லாட்ஜுகளில் இத்தகைய அறைகள் இருக்கும். ஆனால் இணையதளத்தில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். இணையதளத்தில் தேடினால் அறைக்கு இரண்டு பேர் என்றே எடுத்துக் காட்டும். ஆகவே அதில் விலையைப் பார்த்துவிட்டு, லாட்ஜுக்கே ஒரு போன் போடுவது நல்லது.

உள்ளூர்க்காரருக்கு இடமில்லை!

பெங்களூர்வாசிகள் பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அறை எடுக்கப் பெரியவர்கள் எல்லோரும் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். அந்த அட்டையில் பெங்களூர் விலாசம் இருந்தால் சில லாட்ஜுகளில் "லோக்கல் ஐ.டி. எடுப்பதில்லை" என்று சொல்லிவிடுவார்கள். 15 வருஷமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறவருக்கு இந்த ஊரிலேயே ஒரு ராத்திரி படுக்க இடம் தரமாட்டேன் என்பது வேடிக்கைதான். வேடிக்கை பார்க்க நேரமில்லாதவர்கள், அறையை ஊரிலிருந்து வரும் அண்ணன் பெயரில் எடுத்துவிடலாம். உள்ளூர் அட்டை உள்ளவரும் உடன் தங்குவார் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வந்திறங்கும் நேரமும் முக்கியம். சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வேறு சில இடங்களில் பகல் 12 மணியோடு நாள் முடிகிறது. ராத்திரி ரயிலில் வந்து காலை 6 மணிக்கு அறைக்குள் போனால், இந்த இரண்டாவது இடத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கேட்டாலும் கேட்பார்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு குளியல் அறையில் 11 பேர் குளிக்க ஒரு மணி நேரம் போதாது.

எங்கே தேடுவது?

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தையும் சிட்டி ரயில் நிலையத்தையும் சுற்றிக் காந்தி நகர், காட்டன்பேட்டை, சிக்பேட்டை எங்கும் லாட்ஜுகள். நேரில் பார்த்து, குளியல் அறையையும் திறந்து பார்த்து, பிறகு முன்பணம் கொடுக்கலாம். உள்ளூரில் இருக்கிறவருக்குள்ள ஒரே அனுகூலம் இதுதான். அதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவானேன்?

ரயில் நிலையத்துக்கு எதிரே குப்பி தோட்டதப்பா சத்திரம் இருக்கிறது. தோட்டதப்பா என்ற வணிகர், வெளியூர்ப் பயணிகள் தங்குவதற்காகத் தம் சொத்தைக் கொடுத்து எழுப்பிய தர்ம சத்திரம். 1903-ல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் திறந்து வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. இதைப் போன்ற சத்திரங்களில் ஆடம்பரம் எதிர்பார்க்கக் கூடாது. கூட்ட நாளில் இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை. போய்க் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ரயில் நிலையத்திலேயே ஓய்வு அறைகளும் டார்மிட்டரிப் படுக்கைகளும் உண்டு. ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் முன்பதிவு செய்யலாம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இது பயன்படும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ரயில்கள் சிட்டி நிலையத்துக்கு வராமல், 2022-ல் திறந்த பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்குகிறவர்கள் ஆட்டோவில் பையப்பனஹள்ளி மெட்ரோவுக்கு வந்தால், ஊதா வழி ரயில் மெஜஸ்டிக், கெங்கேரி வழியாகச் சல்லகட்டா வரை போகிறது.

பிடதியைத் தாண்டி ராமநகரத்திலும் விசாரிக்கலாம். பெரிய பட்டுக்கூடு சந்தை உள்ள ஊர் அது. "ஷோலே" படம் எடுத்த பாறைக் குன்றுகளும் அங்கேதான். காலையில் பிள்ளைகளுக்கு அதையும் காட்டிவிட்டுப் பூங்காவுக்குத் திரும்பலாம்.

15, 20 பேர் என்றால் மைசூர் ரோட்டுப் பக்கம் நாள் வாடகைக்கு விடும் பண்ணை வீடு ஒன்றை மொத்தமாக எடுப்பது தலைக்கணக்கில் மலிவாகக்கூட முடியலாம். சமைக்க விடுவார்களா, எத்தனை பேர் வரை, டெபாசிட் எவ்வளவு, மெயின் ரோட்டிலிருந்து எத்தனை தூரம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

யார் லாட்ஜுக்குப் போவது?

செலவைப் பாதியாக்கும் வழி ஒன்று இருக்கிறது. 11 பேரும் அறை எடுக்க வேண்டியதில்லை. ஆறு பேர் வீட்டில், ஐந்து பேர் லாட்ஜில். மேலே சொன்ன அதே ரூ.1,600 விலையில் இரண்டு அறை, ஒரு மெத்தை, வரி எல்லாம் சேர்த்து ரூ.3,780-ல் முடிந்துவிடும்.

யோசனை நல்லதுதான், சொல்வது யார்? "அண்ணன் குடும்பத்தை லாட்ஜுக்கு அனுப்பிட்டான்" என்ற பேச்சு ஊர் முழுக்கப் போகும். அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் அம்மா முகம் வாடும். இதற்குப் பல குடும்பங்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, வீட்டுக்காரரே கிளம்பிவிடுவது. பெண்களும் பெரியவர்களும் கைக்குழந்தையும் வீட்டில். தம்பி, அண்ணன், விடலைப் பையன்கள் லாட்ஜில். பையன்களுக்கு அதுவே ஒரு பாதிப் பூங்கா! விருந்தாளிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் வெளியே படுப்பது நம் ஊர்த் திண்ணைக் காலத்துப் பழக்கம்தானே.

பூங்காவில் வயது செல்லாது

லாட்ஜில் பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கு. பூங்காவில் உயரக் கணக்கு. 85 சென்டி மீட்டருக்குக் கீழே இலவசம். 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். எட்டாம் வகுப்புப் பையன் 140-ஐத் தாண்டியிருப்பான். வீட்டுச் சுவரிலேயே அளந்து பார்த்துவிட்டுப் பட்ஜெட் போடுங்கள். 60 வயதானவர்களுக்குச் சலுகை உண்டு, அட்டை வேண்டும். ராட்டினம் ஏறாமல் நிழலில் உட்காருகிறவருக்கும் டிக்கெட் உண்டு. முழங்கால் வலியுள்ள தாத்தாவும் பாட்டியும் அன்று வீட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்றால் வற்புறுத்த வேண்டாம். வார நாளில் கட்டணம் குறைவு. நீர் விளையாட்டில் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான் உடை வேண்டும். அதை நகரத்தில் முன்பே வாங்கிவிடுவது மேல்.

போக வர மெஜஸ்டிக்கிலிருந்து பஸ் இருக்கிறது. கர்நாடக விலாச அட்டை உள்ள பெண்களுக்கு, 2023 ஜூனில் வந்த சக்தி திட்டப்படி சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து வந்த அண்ணிக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். சிட்டி நிலையத்திலிருந்து மைசூர் மார்க்கத்தில் போகும் பாசஞ்சர் ரயிலில் பிடதியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திரும்பி வரும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி மூட்டையுடன் 11 பேர் ரோட்டில் நின்றால் ஆட்டோக்காரர் கேட்டதுதான் விலை.

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. பிடதிக்குப் பேர் வாங்கித் தந்ததே தட்டு இட்லிதான். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே வெண்ணெய். பத்து மணிக்கு ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் பகல் இரண்டு மணி வரை பிள்ளைகள் பசி என்று சொல்லமாட்டார்கள்.