மழைக்கு முன்னே மாடிக்குப் போங்கள்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டின வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது! சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

மற்ற ஊர்களில் குளிர் காலம் வந்தால் கம்பளியைத் தேடுவார்கள். இங்கேயோ குளிரும் மழையும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் 9,000 லிட்டருக்கு மேல்! ஒரு தண்ணீர் லாரியை உங்கள் தலைக்கு மேல் கவிழ்த்த மாதிரிதான். அவ்வளவும் இரண்டு மூன்று குழாய் வழியாகக் கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்காவிட்டால் என்ன ஆகும்? தேங்கிய தண்ணீர் மயிரிழை போன்ற விரிசலைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஒரு நாள் காரை பெயர்ந்து கட்டிலின்மேல் விழும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில், உப்புக் காற்றினால் இந்தக் காரியம் இன்னும் வேகமாக நடக்கும். எல்லாவற்றுக்கும் ஆரம்பம், கூரையில் ரூபாய் அளவுக்குத் தெரிந்த ஒரு மங்கல் கறைதான்.

பணத்தைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். பெண்ணின் மேல்படிப்புக்காகவோ, கடனை அடைக்கவோ ஒரு நாள் வீட்டை விற்க நேரலாம். வாங்க வருகிற தம்பதி முதலில் ஹாலைப் பார்க்கமாட்டார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள். "என்னங்க, அந்த மூலையைப் பாருங்க" என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொல்வாள். அவ்வளவுதான்! உங்களுக்கு அது ஒரு சின்னக் கறை. அவர்களுக்கோ, சுவருக்குள்ளே இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்ற பயம். அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள். நகையை அடகு வைத்து, மாதா மாதம் தவணை கட்டிச் சேர்த்த சொத்து, நாலு கூடை சிமெண்டுக்குச் சோம்பியதால் மதிப்பிழக்கலாமா?

சென்னையில் ஆடி, ஆவணி மாதங்களில் மாலை வேளையில் இடியும் மின்னலுமாக ஒரு மழை வருமே, அதை வருண பகவான் வைக்கும் முன்னோட்டப் பரீட்சை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் ஒரு துடைப்பமும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தண்ணீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறதோ, அங்கெல்லாம் ஒரு வட்டம் போடுங்கள். வாட்டம் சரியில்லாத இடங்கள் அவைதான். தட்டு ஓடுகளின் இடுக்கில் பூச்சு போயிருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் உண்டா? ஏ.சி. குழாய்க்கும் இன்டர்நெட் ஒயருக்கும் சுவரில் போட்ட துளையை அடைத்தார்களா? சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால், சும்மா கிள்ளி எறியாதீர்கள்; வேரோடு எடுத்து அந்த இடத்தைப் பூசச் சொல்லுங்கள். குழாய் வாயில் கிடக்கும் இலை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அகற்றி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தொட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? அதில் சேறு அடைத்துக்கொண்டால், மாடித் தண்ணீர் உங்கள் வாசலிலேயே நிற்கும்.

பழுதை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். புதுப் பூச்சு ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து இறுக வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் கொத்தனாரும் அகப்படமாட்டார், ஈரச் சுவரில் பூச்சும் பிடிக்காது. கசிவை நிறுத்தாமல் உள்ளே வர்ணம் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. அடுத்த மழைக்கே கறை எட்டிப் பார்க்கும்.

இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதையாக இருங்கள். கூரையைக் கம்பால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ, அதன் கீழே யாரையும் படுக்கவிடாமல் உடனே ஓர் என்ஜினீயரை அழையுங்கள். சுவிட்சு போர்டு இருக்கும் சுவர் ஈரமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை அந்தப் பக்கத்து மின்சாரம் வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுகுவது மேல் மாடிக்காரருக்குத்தானே, நமக்கென்ன என்று கீழ்வீட்டு மாமி நினைப்பதுண்டு. மொட்டை மாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. கம்பி துருப்பிடித்தால் கட்டடம் முழுவதற்கும் கெட்ட பெயர்; விலை குறைவது எல்லோருக்கும்தான். பழுது பார்க்கும் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம், லாபமும்கூட.

செய்த வேலைக்கெல்லாம் தேதியும் ரசீதும் ஒரு நோட்டில் இருக்கட்டும். முன்னும் பின்னும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு வீடு பார்க்க வருபவரிடம், "கசிவே இல்லை" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட அந்த நோட்டை நீட்டுவது மேல்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்த வெள்ளத்தைத் தனி ஒரு குடும்பத்தால் தடுத்திருக்க முடியாது. ஆனால் தலைக்கு மேலிருந்து வரும் தண்ணீருக்கு வழி விடுவது நம் கையில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்தாலும் ஆபீஸுக்குப் போனாலும், சுவரில் புதுக் கறை ஒன்று தோன்றினால் அது முதலில் படுவது உங்கள் கண்ணில்தான். பார்த்த அன்றே சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், சாக்குக்கட்டியை அவர் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிடுங்கள்!