சக்களத்தியை விற்ற கதை

லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் முழித்திருக்கிறீர்களா? நான் முழித்திருக்கிறேன். 2023, ஆடி மாதம். கோயமுத்தூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சல், அக்கா வளைகாப்பு, பாட்டி சாவு (அதுவரை எனக்கு மூன்று பாட்டிகள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்) என்று எழுதிப் பழகிய கை, அன்றைக்கு மட்டும் நகர மறுத்தது. கடைசியில் உண்மையையே எழுதிவிட்டேன்.

'குதிரை விற்க வேண்டியிருப்பதால் இரண்டு நாள் விடுப்பு தேவை.'

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "ஏம்ப்பா, பாட்டி ஸ்டாக் தீர்ந்துபோச்சா?"

ஸ்டாக் தீரவில்லை. நிஜமாகவே எங்கள் வீட்டில் ஒரு குதிரை இருந்தது.

அப்பா பழனியில் ஜட்கா ஓட்டினவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் அவருக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. மற்ற மாதங்களில் நேரமிருக்கும், சோறுதான் யோசிக்க வேண்டும். ஆட்டோக்கள் பெருகிய பிறகு நிலைமை இன்னும் மோசம். கூட ஓட்டினவர்களில் பலர் வண்டியை விறகுக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. போகாததோடு, 2012-ல் இருபத்திரண்டாயிரம் கடன் வாங்கி, மூன்று வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். செவலை நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. மட்டக்குதிரைதான், ஆனால் நடையில் ஒரு மிடுக்கு.

அப்பா வைத்த பெயர் ரோஜா. (சினிமாப் படத்தை நினைத்து வைத்ததா, நடிகையை நினைத்து வைத்ததா என்று அம்மா கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தாள்.) அம்மா வைத்த பெயர் சக்களத்தி.

"உங்க சக்களத்திக்குக் கொள்ளு வெந்துருச்சு, கொண்டு போய்க் கொட்டுங்க."

"எனக்கு எப்படிடீ சக்களத்தி? உனக்குத்தான் சக்களத்தி" என்று அப்பா இலக்கணம் திருத்துவார்.

பொறாமைப்பட அம்மாவுக்கு நியாயம் இருந்தது. அம்மாவுக்குத் தலைவலி என்றால் அப்பா, "தைலம் தேச்சுக்க" என்பார். ரோஜா ஒரு வேளை புல்லைத் தொடவில்லை என்றால் ராத்திரி முழுக்கக் கயிற்றுக் கட்டிலைக் கொட்டகையில் போட்டுப் படுத்திருப்பார். அவர் பயத்திலும் விஷயம் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது போனதுதான். வயிற்றுவலி வந்து உருள ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் ரோஜா தின்பதற்கெல்லாம் அப்பாவிடம் அளவு உண்டு. கண்டதைப் போடக்கூடாது என்று வீட்டில் சட்டம். நான் பி.காம். சேர்ந்த பிறகு வீட்டு வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். எல்லாம் சரியாக வரும், வெல்லக் கணக்கு மட்டும் டேலி ஆகாது. மாதம் ஒரு கிலோ எங்கே போகிறது என்று கேட்டால் "எறும்பு" என்பாள் அம்மா. பழனி எறும்புக்கு அவ்வளவு பசி.

2022 கார்த்திகையில் அப்பா போய்விட்டார். அதைப்பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. வண்டி, சேணம், சாட்டை (அதை அவர் அடிக்கப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை, சும்மா காற்றில் ஒரு சத்தம், அவ்வளவுதான்), கொட்டகையில் ரோஜா. இவ்வளவுதான் மிச்சம்.

காமர்ஸ் படித்தவன் இல்லையா, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொள்ளு, தவிடு, புல்லுக்கு மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாது. மாதத்துக்கொருமுறை லாடம். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் எட்டாயிரம் கேட்டார்கள். அம்மாவுக்கோ மூட்டுவலி. நான் கோயமுத்தூரில் மேன்ஷன் ரூமில், வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வருகிறவன். வரவுப் பக்கம் பார்த்தேன். காலி.

அப்போதும் விற்க மனசு வரவில்லை. கால்நடை டாக்டர் ஒருத்தர்தான் கண்ணைத் திறந்தார். ரோஜாவுக்குப் பின்னங்கால் விறைத்துப்போய் நடக்கவே கஷ்டப்பட்டது. வேலை செய்து பழகிய குதிரைக்கு ஓய்வு கொடுத்து, தீனியை மட்டும் குறைக்காமல் போட்டால், மறுபடி நடக்கும்போது தசை இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த வண்டிக் குதிரைகள் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது இப்படி ஆகுமாம். அதனால் வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே 'திங்கட்கிழமைக் காலை நோய்'. அலுவலகம் போகிற நமக்கெல்லாம் இருக்கிற அதே வியாதி! சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"தம்பி, இதுக்கு நடக்கணும். கூட இன்னொரு குதிரை இருந்தா நல்லது. கூட்டமா வாழற ஜாதி இது. பதினாலு வயசுதான் ஆவுது. நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷத்துக்கு மேலயே இருக்கும். அத்தனை வருஷமும் இப்படிக் கட்டியே போட்டு வைக்கப் போறீங்களா?"

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வித்துத் தொலை. நிம்மதி" என்றாள். அன்றைக்கு அந்த ஒரே பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்தில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவோடு அங்கே கூடுகிற சந்தையில் ஆடு, மாடு, குதிரை எல்லாம் கைமாறும். ஒரு பிக்கப் வண்டி பிடித்து, தாராபுரம், காங்கேயம், ஈரோடு, பவானி வழியாக ரோஜாவோடு போனேன். வழி முழுக்கப் பின்னால் நின்றுகொண்டேதான் வந்தேன். டிரைவர், "முன்னால வந்து உக்காருங்க, அது எறங்கி ஓடிராது" என்றார். ஓடிவிடாதா என்றுதான் எனக்கு ஆசை.

சந்தையைப் பார்த்ததும் எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி முட்டுகிற மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைகள். எண்ணெய் பூசிய மாதிரி உடம்பு. விலையெல்லாம் லட்சத்தில். ஒரு குதிரை மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கள் மட்டக்குதிரை, கழுத்தில் அம்மா கட்டிவிட்ட மஞ்சள் துணியோடு, கல்யாண வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தம் மாதிரி நின்றது.

தானம் வாங்கின மாட்டைத்தானே பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது? இது விலைக்கு. வருகிறவன் போகிறவன் எல்லாம் ரோஜாவின் உதட்டை விரித்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் பால்பற்கள் விழுந்து முன்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதற்கப்புறம் பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் வயசு. மூன்று வருஷம் காலேஜில் டிப்ரிசியேஷன் படித்தேனே, அது குதிரையின் வாய்க்குள் இருக்கிறதென்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. அப்புறம் சுழி பார்த்தார்கள். ரோஜாவின் உடம்பில் எங்கே சுழி என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு எங்கே சொறிந்தால் கண்ணை மூடுவாள் என்று தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

வாங்க வந்தவர் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு விவசாயி. அறுபது வயசிருக்கும். தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு குதிரை ஒற்றையாக நிற்கிறது, துணைக்கு வேண்டும் என்றார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தரகர் என் கையைத் துண்டுக்குள் இழுத்து விரல்களைப் பிடித்து அழுத்தினார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மதிப்பாம். எனக்கு ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன். துண்டு விலகியபோது ரோஜா இருபத்தெட்டாயிரத்துக்குப் போயிருந்தாள்.

குதிரை வியாபாரத்தில் நம்மூரில் பேர் போனவர் மாணிக்கவாசகர். பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். அட்வான்ஸ் போச்சு, சரக்கு வரவில்லை. அப்புறம் நரிகள் குதிரையாகி வந்து, ராத்திரி மறுபடி நரியாகி ஓடிப்போயின. சேல்ஸ் ரிட்டர்ன். அன்றைக்கு அந்தியூரில் நின்றபோது எனக்கும் அப்படி ஒன்று நடந்தால் தேவலை என்றிருந்தது.

மாட்டை விற்கிறவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும். குதிரைக்கும் அப்படித்தான் செய்தார்கள். கயிறு மாற்றும்போது நான் ஒரு தப்பு செய்தேன். ரோஜா பக்கத்துக் குதிரையைத் திரும்பிப் பார்த்த நேரம் பார்த்து, பழைய கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்துக்குள் நழுவிவிட்டேன். நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம். முப்பது வயசுக்கு மேல் ஆன ஆம்பிளை, நூறு பேர் நடுவில் குதிரையைக் கட்டிப்பிடித்து அழுதால் நன்றாகவா இருக்கும்?

முப்பது அடி போயிருப்பேன். கனைத்தாள்.

அது ரோஜாவேதான் என்று நிச்சயமாகத் தெரியும். பதினோரு வருஷம் கேட்ட குரல். நான் திரும்பவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். திரும்பாமல் வந்ததுதான் அப்புறம் மாதக்கணக்கில் படுத்தியது.

அலுவலகத்தில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "லாபமா நஷ்டமா?" என்றார் ஒருத்தர். (லாபம்தான். வாங்கியது இருபத்திரண்டு, விற்றது இருபத்தெட்டு. பதினோரு வருஷம் சம்பாதித்தும் கொடுத்திருக்கிறது. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இப்படி ஒரு அசெட் கிடையாது.) "அந்தக் காசுல ஒரு செகண்ட் ஹாண்ட் பைக் எடுத்துடு" என்றார் இன்னொருத்தர். "மிருகம்தானேப்பா, மனுஷனே போயிடறான்" என்றார் பெரியவர் ஒருத்தர். அது எனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் போனபோது ஆள் ஆளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். காரியங்கள் நிறைய இருந்தன. பதினாறாம் நாள் வரை அழக்கூட நேரமில்லை. அப்பாவின் வேர்வை வாசனை கடைசியாக மிச்சமிருந்தது அந்தச் சேணத்திலும் குதிரையிலும்தான். அதை நானே கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு லீவும் கிடையாது, துக்கம் விசாரிக்க ஆளும் கிடையாது.

ஊருக்குப் போனால் கொட்டகைப் பக்கமே திரும்பமாட்டேன். ஆணியில் கயிறு தொங்கும். அம்மா எடுக்கவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சாயங்காலம் ஆறு மணியானால் அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள். வாசல்வரை வந்து, என்ன வேலையாக வந்தோம் என்று தெரியாத மாதிரி நின்றுவிட்டு உள்ளே போவாள். அது கொள்ளு வைக்கிற நேரம்.

கோபி பெரியவரின் நம்பர் என் போனில் இருந்தது. மூன்று மாதம் கூப்பிடவில்லை. குதிரை நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால்? நன்றாக இருக்கிறது, உங்களை மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? (இரண்டாவதுதான் பெரிய பயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஏதோ ஒரு தைரியத்தில் அடித்துவிட்டேன்.

"அட, தம்பிங்களா! நானே கூப்பிடோணும்னு இருந்தனுங்க. இது கழுத்தைத் தடவிக் குடுத்தா முன்னங்காலைத் தூக்குதே, அது என்னத்துக்குங்க? வலி கிலி இருக்குமோன்னு பயந்துட்டேன்."

வலி இல்லை. லாடத்தில் கல் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அப்பா பார்ப்பார். கழுத்தில் தட்டினால் காலைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று பழக்கியிருந்தார். அதைச் சொன்னேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இடிச் சத்தம் என்றால் பயம், பக்கத்தில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் வாளி கறுப்பாக இருந்தால் குடிக்கமாட்டாள். காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். முக்கால் மணி நேரம் பேசினேன். "இருங்க இருங்க" என்று சொல்லிப் பெரியவர் எழுதிக்கொண்டார். பேத்தி நோட்டாம். போனை வைத்தபோது அழுதிருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். சந்தையில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை மூன்று மாதம் கழித்துச் சொல்லி முடித்திருக்கிறேன், அவ்வளவுதான். விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு அரை மணி நேரம் கூட நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.

குதிரைக்கு ஞாபகம் இருக்குமா என்ற சந்தேகத்துக்கு ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2010-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எழுதியது: தீனி கொடுத்து அன்பாகப் பழக்கிய ஆளைக் குதிரை மாதங்கள் கழிந்தும் மறப்பதில்லை. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிரான்ஸ்காரனுக்கு வேற வேலை இல்லியா?" என்றாள். ராத்திரி படுத்தபிறகு இருட்டில், "கோபிக்கு பஸ்சு எத்தனை மணிக்குடா?" என்றாள்.

2024 மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம் போனோம். தோப்பு நிழலில் இரண்டு குதிரைகள். உடம்பு போட்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். தலையைத் தூக்கினாள், காதை முன்னால் நீட்டினாள், நடந்து வந்தாள். எனக்கு மார் அடைத்தது. கையை நீட்டினேன்.

என்னைத் தாண்டிப் போய்விட்டாள்!

நேரே அம்மாவிடம் போய், இடுப்பு மடியில் மூக்கை வைத்து முட்டினாள். ஒருமுறை, இருமுறை. அம்மா என்னைப் பார்க்காமல் மடியை அவிழ்த்தாள். காகிதப் பொட்டலத்தில் இரண்டு துண்டு வெல்லம்.

"மெதுவாடி, சனியனே... மெதுவா."

நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னத்தைப் பாக்குறே? தெனம் ரெண்டு துண்டுதான். உங்கப்பாவுக்குத் தெரியாது."