மங்கு போகும், மாநிறம் போகுமா?

கல்யாணத் தேதி குறித்த கையோடு தோல் மருத்துவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. "டாக்டர், கலர் கொஞ்சம் கூடுமா?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. மங்கு, பருத் தழும்பு, வெயிலில் வந்த கருமை ஆகியவற்றைச் சிகிச்சையால் குறைக்கலாம். பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்றும் கிரீம் எதுவும் இல்லை. அப்படி மாற்றுவதாகச் சொல்லி விற்கும் பொருள்களால்தான் பலருக்குத் தோல் கெடுகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மேல்தோலின் அடியடுக்கில் உள்ள மெலனோசைட் செல்கள் மெலனின் என்ற நிறமியைச் சுரக்கின்றன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த தோலில் நிறமித் துகள்கள் பெரியவை, எண்ணிக்கையிலும் கூடுதல். இதைத் தீர்மானிப்பது மரபணு. கிரீம்களில் பெரும்பாலானவை மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. பூசுவதை நிறுத்தினால் சுரப்பு பழையபடி தொடங்கிவிடும்.

வெயில் படாத மேற்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் சொந்த நிறம். முகம் அதைவிட எவ்வளவு கறுத்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் சிகிச்சைக்கு வேலை உண்டு.

எதற்குப் பலன் கிடைக்கும்?

மங்குக்கு ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீமை மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவார்கள். அசெலாயிக் அமிலமும் நியாசினமைடும் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பானவை. பரு விட்டுச் சென்ற கருமைக்கு, முதலில் பரு அடங்க வேண்டும்.

மங்கு திரும்பத் திரும்ப வரக்கூடியது. சன்ஸ்கிரீன் பூசாமல் வேறு எதைப் பூசினாலும் நிற்காது. புறஊதாக் கதிர் மட்டுமின்றி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுத்த தோலை மேலும் கறுக்கச் செய்யும். அதனால் மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும்.

எரிச்சலே எதிரி

கறுத்த தோலில் சிறு புண்ணோ எரிச்சலோ வந்தால்கூட ஆறிய இடம் கறுத்துப்போகும். கடுமையான கெமிக்கல் பீல், பொருந்தாத லேசர், எலுமிச்சைச் சாறு தேய்ப்பது எல்லாமே இந்த வினையைத்தான் இழுத்துவிடும். லேசர் தேவைப்பட்டால், கறுத்த தோலில் அனுபவமுள்ள மருத்துவரிடம், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டும்.

டியூபுக்குள் ஒளிந்திருப்பவை

ஸ்டீராய்டு: சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியும்; பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும். 2018-ல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது.

பாதரசம்: கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்தபோது, பலர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அவர்கள் பூசிய கிரீம்களில் பாதரசம் இருந்தது. கால் வீக்கமும் நுரைத்த சிறுநீருமே இந்நோயின் அடையாளம்.

ஹைட்ரோகுவினோன்: மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலங்கலந்த கருமையாகும், அதைப் போக்குவது மிகக் கடினம். தென்னாப்பிரிக்கா 1990-ல் அழகுசாதனங்களில் இதைத் தடைசெய்ததற்கு இந்தப் பாதிப்பும் காரணம்.

குளுட்டாதயோன் ஊசி: நிறம் கூட்டும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு வரலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

கழுத்துக் கருமை அழுக்கல்ல

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் போலக் கறுத்திருந்தால் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இது இருக்கலாம். கிரீமுக்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். எடை குறைந்தால் பலருக்குக் கருமையும் குறையும்.

வாங்குமுன், நிறுத்துமுன்

• தயாரிப்பாளர் முகவரியும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.
• 'மெர்குரி', 'கலோமெல்' என்ற பெயர்களோ, 'நகையில் படக்கூடாது' என்ற எச்சரிக்கையோ இருந்தால் பாதரசம் இருப்பதாகவே கொள்ளுங்கள்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசவேண்டாம்.
• ஸ்டீராய்டு கிரீமைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பலர் மறுபடி அதையே பூசுகிறார்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது பூசிய டியூபையும் கொண்டுபோங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் படிப்படியாக விடுவதற்கு அவரால் வழி சொல்ல முடியும்.