இராணுவப் பதவிநிலைகளும் வர்க்க உறவுகளும்: இலக்கிய வாசகருக்குச் சில குறிப்புகள்

கோகொலின் 'மூக்கு' எனும் கதையில் வரும் கொவல்யோவ் படையதிகாரியல்லன். குடியியற் சேவை உத்தியோகத்தன். எனினும் தன்னை 'மேஜர்' என்றே அழைத்துக்கொள்கிறான். 1722ஆம் ஆண்டு மகா பீற்றர் வகுத்த பதவிநிலை அட்டவணை படை, குடியியற் சேவை, அரசவை ஆகிய மூன்றையும் பதினான்கு படிகளில் ஒழுங்குபடுத்தியது. கொவல்யோவின் எட்டாம் படி படையின் மேஜருக்குச் சமமானது. இதனை அறியாத வாசகருக்கு 'மேஜர்' வெறும் ஒலிபெயர்ப்பாகவே நின்றுவிடும். அங்கதத்தின் பாதி கைநழுவும். எனவே படைப் பதவிகளின் அமைப்பை அறிந்துகொள்வது இலக்கிய மாணவருக்கு வேண்டாத வேலையன்று.

பதவிப்பெயர்கள் தம்முள் சமூக வரலாற்றைப் பொதிந்து வைத்துள்ளன. 'கப்டன்' தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'லெப்டினன்ட்' என்பது பிறரொருவர் இடத்தில் நிற்பவர் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். 'சார்ஜன்ட்' என்பதன் மூலப்பொருள் ஏவல் செய்பவன். 'மார்ஷல்' என்பதோ பழைய ஜெர்மானிய மொழியிற் குதிரைப் பணியாளனைச் சுட்டியது. ஏவலரைக் குறித்த இவ்விரு சொற்களுள் ஒன்று அரசவையின் நிழலில் வளர்ந்து படையின் உச்சியை அடைய, மற்றையது அதிகாரிகளின் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்றுவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

மாணவர் அடிக்கடி எழுப்பும் ஐயமொன்றும் இங்கு தெளிவாகும். லெப்டினன்ட்டிலும் மேஜர் உயர்ந்தவர். அங்ஙனமாயின் லெப்டினன்ட் ஜெனரல் மேஜர் ஜெனரலுக்கு மேலே நிற்பது எவ்வாறு? பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலப் படையில் ஜெனரலின் பதிலாளாக லெப்டினன்ட் ஜெனரலும், அவருக்கு அடுத்தபடியில் 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரலும்' இருந்தனர். காலப்போக்கிற் 'சார்ஜன்ட்' உதிர்ந்தது, வரிசை மாறவில்லை.

பிரித்தானிய மரபைப் பின்பற்றும் தரைப்படைகளில், ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட பிளட்டூனுக்கு லெப்டினன்ட்டும், நூறு பேரளவிலான கம்பனிக்கு மேஜரும் (முன்னர் கப்டன்), பல நூறு பேர் கொண்ட பட்டாலியனுக்கு லெப்டினன்ட் கேணலும் பொறுப்பாவர். அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன், கோர் என அமைப்பு விரிகிறது. படிகள் பலவாயினும் உண்மையான பிளவு ஒன்றே. படைக்குப் புதிதாக வந்த இளம் லெப்டினன்ட்டை, பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள பிளட்டூன் சார்ஜன்ட் 'சேர்' என விளிக்க வேண்டும். அதிகார ஆணை பெற்றோர், பெறாதோர் எனும் இக்கோடு திறமையினால் மட்டும் வரையப்பட்டதன்று.

பிரித்தானியக் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. 1821ஆம் ஆண்டு விலைப்பட்டியலின்படி சாதாரணக் காலாட்படையில் ஆகக் கீழ்நிலை அதிகாரப் பதவியின் விலை 450 பவுண். லெப்டினன்ட் கேணல் பதவியின் விலை 4,500 பவுண். சொத்துள்ள வகுப்பினர் படையைத் தம் கையில் வைத்திருப்பதற்கு இதைவிட வெளிப்படையான ஏற்பாடு வேறு வேண்டுமா? பீரங்கிப்படையிலும் பொறியியற் படையிலும் மாத்திரம் இவ்விற்பனை இருக்கவில்லை. கணிதம் அறியாதவனைப் பீரங்கிக்குப் பொறுப்பாக்க முடியாது! உற்பத்தித் தொழில்நுட்பம் போலவே போர்த் தொழில்நுட்பமும் பழைய உரிமைகளை அரித்துவிடும் என்பதற்கு இது தக்க சான்று. கார்ட்வெல் இம்முறையை ஒழிக்க முற்பட்டபோது பிரபுக்கள் சபை தடைநின்றது. இறுதியில் அரச ஆணை மூலமே அது ஒழிக்கப்பட்டது.

1917 டிசம்பரில் சோவியத் அரசு சகல படைப் பதவிநிலைகளையும் தோட்பட்டிகளையும் ஒழித்தது. தளபதிகள் தெரிவுசெய்யப்பட்டனர், உள்நாட்டுப் போரின் நெருக்கடியில், 1918இலேயே, அத்தெரிவுமுறை கைவிடப்பட்டது. பின்னர் வழங்கியவை 'பிரிகேட் தளபதி', 'டிவிஷன் தளபதி' என்னும் கடமைப் பெயர்கள். 1935இற் சொந்தப் பதவிநிலைகளும், 1940இல் ஜெனரல் எனும் பெயரும், 1943 ஜனவரியிற் புரட்சி வெறுத்த தோட்பட்டிகளும் மீண்டன. சீன மக்கள் விடுதலைப் படை 1955இற் பதவிநிலைகளை ஏற்று, 1965இல் நீக்கி, 1988இல் மீள ஏற்றது. நீக்கப்பட்டிருந்த காலத்திலும் அதிகாரியின் மேற்சட்டையில் நான்கு பைகளும் சிப்பாயின் மேற்சட்டையில் இரண்டு பைகளும் இருந்தன. கட்டளையிடும் கடமை வேறு, அக்கடமையைப் பற்றிக்கொண்டு வளரும் சலுகை வேறு. முன்னையது கூட்டு உழைப்பின் தேவை; பின்னையது சமூக உறவின் விளைவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு பெயரை மட்டும் ஒழித்தால், சலுகை சட்டைப்பைக்குள் ஒளிந்துகொள்ளும். சோஷலிச நாடுகளைப் போற்றி எழுதும் நம்மவர் இதனைப் பேசாது விடுவது முறையன்று.

கட்டளைக் கடமையின் தேவை மிகத் தெளிவாகப் புலப்படுவது முப்படைகளும் இணையும் கூட்டு நடவடிக்கைகளிலாகும். 1915இல் கலிப்போலியில் தரைப்படைக்கு ஹமில்டனும் கடற்படைக்கு டி ரொபெக்கும் தனித்தனியே தலைமை தாங்கினர். களத்தில் இருவருக்கும் பொதுவான மேலதிகாரி இருக்கவில்லை. 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்திலோ ஐசன்ஹோவர் எனும் ஒரே தலைமைத் தளபதியின் கீழ்க் கடற்படைக்கு ராம்சேயும், வான்படைக்கு லீ-மலோரியும், தரையிறங்கிய படைகளுக்கு மொன்ட்கோமரியும் பொறுப்பாயினர். இவ்வாறு வெவ்வேறு படையினர் ஒரே மேசையில் அமரும்போது, யார் யாருக்குச் சமம் என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். கடற்படைக் கப்டன் தரைப்படைக் கேணலுக்குச் சமமானவர். தரைப்படைக் கப்டனோ அவருக்கு மூன்று படிகள் கீழே நிற்பவர். போர் நாவல்களைத் தமிழாக்குவோர் இரண்டையும் 'கப்டன்' என்றே எழுதிச் செல்வதால், பெரும் போர்க்கப்பலொன்றின் தலைவர் நம் வாசகர் மனத்தில் நூறு சிப்பாய்களுக்கு மேல் அதிகாரமற்றவராகி விடுகிறார்.