கவிழ்த்துப் பார்க்க வேண்டிய சாடிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு வீட்டின் முதியவர் மறைந்தபின், அவர் புழங்கிய பொருள்களை அவ்வீட்டிலேயே பரப்பிவைத்து விற்றுவிடும் வழக்கம் உண்டு. அங்கு வருவோருள் சிலர், மேசைமேலுள்ள பூச்சாடியின் அழகை நோக்குமுன்பே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தை ஆராய்வர். அறியாதார்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் அச்சாடியின் ஊரும் பேரும் வயதும், சில வேளைகளில் அதன்மேல் மலர் தீட்டிய கலைஞர் இன்னார் என்பதும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இம்முத்திரைக் கலையில் தலைசிறந்து விளங்கியது ஒகாயோ மாநிலம் சின்சினாட்டி நகரத்து ரூக்வுட் மட்பாண்டச் சாலை. மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்மணி 1880-ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். 1876-இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுப் பொருட்காட்சியில் கண்ட ஜப்பானிய மட்பாண்டங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. தம் தந்தையாரின் பண்ணைக்கு வழங்கிய பெயரையே சாலைக்கும் சூட்டினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அம்முயற்சி 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெறும் அளவுக்கு வளர்ந்தது.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். கைம்பெண்ணான மரியா, 1886-இல் பெல்லமி ஸ்டோரர் என்பவரை மணந்தார். பின்னர் இருவரும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தனர். செயின்ட் பால் நகரப் பேராயர் ஜான் அயர்லாந்து அவர்களுக்குக் கர்தினால் பதவி கிடைக்க வேண்டுமென்று இவர்கள் காட்டிய ஆர்வம் எல்லை கடந்து போயிற்று. அதன் விளைவாக, 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டுத் தூதராயிருந்த பெல்லமியைப் பதவியினின்று நீக்கிவிட்டார். மண்ணைப் பதமாகப் பிசைந்தவர்க்கு அரசியல் பதம் கைவரவில்லை போலும்!

முத்திரைக்கு வருவோம். 1886 முதல், திரும்பி நிற்கும் ‘ஆர்’ எழுத்தும் ‘பி’ எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டிய குறியை அடியில் பதித்தனர். மறு ஆண்டு அதன் தலைமேல் ஒரு தீச்சுடரைச் சேர்த்தனர். அதன்பின் ஆண்டுக்கொரு சுடர். ஆக, ஒன்பது சுடர் கண்டால் அது 1895-இல் செய்யப்பட்டது. 1900-இல் சுடர்கள் பதினான்காகிக் குறியைச் சூழ்ந்துகொண்டன. 1901 முதல் சுடர்களை அப்படியே விட்டு, கீழே ரோமன் எண்ணால் ஆண்டைக் குறித்தனர். அருகில் வடிவ எண்ணும், ஓவியரின் முதலெழுத்தும் காணப்படும். 1887-இல் அங்கு வந்து, 1948-இல் இறக்கும்வரை அச்சாலையோடு தொடர்புகொண்டிருந்த கட்டாரோ ஷிராயாமதானி மட்டும் தம் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே கீறிவைத்தார்.

மற்றொரு குறியும் உண்டு. சூளையில் குறைபட்டு வந்த சாடியின் அடியில் பெருக்கல் குறி ஒன்றைச் சாலையாரே வெட்டிவிடுவர். வாங்குவோரை ஏமாற்றாதிருக்கத் தம் பொருளின்மீது தாமே இட்ட வடு அது! இந்நேர்மையை நான் மிக மதிக்கிறேன்.

எல்லாரும் அவ்வாறு இல்லையே. ஒகாயோவின் ரோஸ்வில் சாலை 1954-இல் மூடப்பட்டது. ஆனால் 1990-களில் சீனாவில் வார்த்த போலிகள் அப்பெயரோடு சந்தைக்கு வந்தன. 1940-களின் மூலச் சாடிகளில் ‘ரோஸ்வில்’ என்பதோடு ‘யு.எஸ்.ஏ.’ என்பதும் புடைத்து நிற்கும். முதலில் வந்த போலிகளில் நாட்டின் பெயர் இல்லை. இதைக் கொண்டே பலர் தப்பித்தனர்; பின்வந்த சிலவற்றில் அதையும் சேர்த்துவிட்டார்கள். எனவே முத்திரையை மட்டும் நம்பலாகாது. அன்றியும், காகிதச் சீட்டு மட்டுமே ஒட்டப்பட்டு, அது உதிர்ந்தபின் பெயரற்று நிற்கும் நல்ல சாடிகளும் பல உள.

அளவுகோல் இங்கே உதவும். அசல் சாடியின்மேல் அச்செடுத்துப் புதிய களிமண்ணை வார்த்தால், அம்மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆகவே போலி சற்றே சிறுத்திருக்கும். இலை நரம்பும் இதழ் விளிம்பும் மழுங்கியிருக்கும். விரலால் மெல்லத் தட்டினால் நல்ல சாடி கணீரென ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். ஒட்டுப்போட்டு வண்ணம் பூசிய இடம் புறஊதா விளக்கொளியில் பெரும்பாலும் தனித்துத் தெரியும்.

வாங்கியதைச் சமையலறைக்குக் கொண்டுசெல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1936-இல் வெளிவந்த ஃபியஸ்டா தட்டுகளின் அழகிய செந்நிறம் யுரேனியம் கலந்த மெருகினால் ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டதால் அந்நிறம் நின்றுபோயிற்று. 1959-இல் மீண்டும் வந்து, 1972-இல் முடிவுற்றது. அப்பழைய செந்நிறத் தட்டுகளை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். புளிப்பும் காடியும் சேர்ந்த உணவு மெருகைக் கரைக்குமாதலால், அவற்றில் உண்ணுதல் வேண்டா.