குழாயோடு தாங்கியையும் பாருங்கள்

பழைய மொரிஸ் மைனர் வாங்கி விற்கும் சகோதரர்கள் சிலர், பெற்றோல் குழாய் வெடித்திருந்தால் பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். நான் அப்படி விடுவதில்லை. 1971 உடன் உற்பத்தி நின்றுபோன வாகனம் இது. டிக்கிக்குக் கீழுள்ள தாங்கி பாதி வெறுமையாக வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈரம் படிந்து துருவேறும். அந்தத் தூள் புதுக் குழாய் வழியே பம்புக்கும் காபரேட்டருக்கும்தானே போகும்?

குழாய் கழன்றிருக்கும் அன்றே மிச்சப் பெற்றோலை வெள்ளைத் துணியூடாக வடியுங்கள். செந்தூள் தங்கினால் தாங்கியை இறக்கத்தான் வேண்டும். உள்ளே பார்க்க தீக்குச்சியோ வயர் பல்போ கூடாது. ஓட்டைக்கு வெல்டிங் அடிக்க கராஜில் அவசரப்பட்டால் தடுத்துவிடுங்கள். நிறைந்த தாங்கியைவிட ஆவி தங்கிய வெறுந்தாங்கிதான் வெடிக்கும். ஆவி போகக் கழுவத் தெரிந்தவரிடமே கொடுங்கள். இந்தச் செலவை விலை பேசும்போதே நான் கழித்துக்கொள்வேன்.