ஒன்றரை வருடப் புகழ்... 14 பாடல்கள்... ஜிம் க்ரோச்சி விட்டுச்சென்ற ஆல்பம்!

2014-ல் வெளியான 'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சமையலறைக் காட்சி மறந்திருக்காது. காவலர்கள் சுடுகிறார்கள். தோட்டாக்கள் காற்றில் ஊர்கின்றன. தண்ணீர்த் துளிகள் அந்தரத்தில் நிற்கின்றன. க்விக்சில்வர் மட்டும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர் மேலேயே ஓடி விளையாடுவான். அப்போது பின்னணியில் ஒலிப்பது அடிதடி இசை அல்ல. தாலாட்டைப் போன்ற மெல்லிய கிட்டார், அதன்மேல் ஓர் ஆணின் கனிவான குரல்.

அந்தப் பாட்டு 'டைம் இன் எ பாட்டில்'. எழுதிப் பாடியவர் அமெரிக்காவின் ஃபோக்-ராக் பாடகர் ஜிம் க்ரோச்சி. காலத்தைப் பிடித்து ஒரு பாட்டிலில் அடைத்துவைக்க ஆசைப்படும் ஒருவனின் பாடல் அது. 1973 டிசம்பரில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது ஜிம் இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வயது 30.

அடுத்த ஆண்டு அவருடைய சிறந்த பாடல்களின் தொகுப்பு வெளியானது. பெயர், 'ஃபோட்டோகிராஃப்ஸ் அண்ட் மெமரீஸ்', அதாவது புகைப்படங்களும் நினைவுகளும்.

20 வருடச் சுருக்கம் அல்ல!

'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றால் பொதுவாக என்ன? ஒரு பாடகர் 15, 20 வருடங்கள் பாடி ஓய்ந்த பிறகு, நல்லதைப் பொறுக்கியெடுத்து ஒரே தட்டில் போட்டுத் தருவார்கள். ஜிம் விஷயத்தில் அதற்கெல்லாம் காலமே இருக்கவில்லை. அவரைப் புகழின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த முதல் ஆல்பம் 1972 ஏப்ரலில் வந்தது. 1973 செப்டம்பரில் அவர் இல்லை. இடைப்பட்ட காலம் சுமார் ஒன்றரை வருடம். தொகுப்பில் உள்ள 14 பாடல்களும் அந்தக் காலகட்டத்தின் மூன்று ஆல்பங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

அதனால்தான் இதைக் கேட்கும்போது தொகுப்பு என்ற எண்ணமே வருவதில்லை. அவசரமாகக் கிளம்பிய ஒருவர், சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனதுபோல இருக்கிறது.

தோற்கட்டும் என்று கொடுத்த பணம்

ஜிம் பிறந்தது 1943-ல், ஃபிலடெல்ஃபியாவில். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். 1966-ல் இங்க்ரிட்டைத் திருமணம் செய்துகொண்டார். பெற்றோர் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது 500 டாலர். கூடவே ஒரு நிபந்தனை... அந்தப் பணத்தில் அவர் ஓர் ஆல்பம் போட வேண்டும். மகன் மேல் நம்பிக்கை வைத்து அல்ல. ஆல்பம் விற்காது, பையன் பாட்டை விட்டுவிட்டு உருப்படியாக ஒரு வேலைக்குப் போவான் என்ற கணக்கு. அச்சிட்டது 500 பிரதிகள். அத்தனையும் விற்றுவிட்டன!

ஆனால், அதற்குப் பிறகு வந்த வருடங்கள் சுலபமாக இல்லை. லாரி ஓட்டினார், கட்டட வேலைக்குப் போனார். வாடகை கொடுக்கக் கிட்டார்களையே விற்ற நாள்களும் உண்டு. அப்படியொரு பொழுதில்தான், 1970 டிசம்பரில், தான் கர்ப்பமாக இருக்கும் செய்தியை இங்க்ரிட் சொன்னார். கையில் காசில்லை, வேலை நிச்சயமில்லை. வரப்போகும் குழந்தையை நினைத்து ஜிம் எழுதிய பாட்டுதான் 'டைம் இன் எ பாட்டில்'.

கார் கழுவுபவரும் கதாநாயகன்தான்!

அந்தக் கஷ்டகாலம் வீண்போகவில்லை. லாரி ஓட்டிய நாள்களில் பார்த்த மனிதர்கள்தான் இந்தப் பாடல்களில் நடமாடுகிறார்கள். தொகுப்பின் முதல் பாட்டான 'பேட், பேட் லீராய் பிரவுன்' சிகாகோ ரவுடி ஒருவனின் கதை. ராணுவப் பயிற்சியில் தன்னோடு இருந்த ஒருவரைப் பார்த்துத்தான் இந்தப் பாத்திரத்தை எழுதியதாக ஜிம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் முகாமைவிட்டு ஓடிப்போனவர். ஓடியவர் அப்படியே போயிருக்கலாம். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டார்!

'வொர்க்கிங் அட் தி கார் வாஷ் ப்ளூஸ்' பாட்டில் வருபவர் கார் கழுவுகிறார். மனதுக்குள்ளோ, ஏசி அறையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் தான் என்ற நினைப்பு. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், ஜிம் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த இடத்தில் நின்று பார்த்தவர் ஆயிற்றே!

இவை எல்லாவற்றையும்விட நெஞ்சைப் பிடிப்பது 'ஆபரேட்டர்'. தன்னைவிட்டுப் போய், தன் நண்பனோடே வாழும் பழைய காதலியின் எண்ணைக் கேட்டு, டெலிபோன் ஆபரேட்டரிடம் பேசுகிறான் ஒருவன். தீப்பெட்டி அட்டையில் எழுதிவைத்த எண் அழிந்துபோயிருக்கிறது. 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அவளிடம் சொல்ல வேண்டுமாம். பேசப்பேசத் தெரிகிறது, அவன் நன்றாக இல்லை. கடைசியில் எண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆபரேட்டருக்கு நன்றி கூறுகிறான். ராணுவ முகாமில், வீட்டுக்குப் போன் பேச வரிசையில் நின்ற சிப்பாய்களைப் பார்த்துப் பிறந்த பாட்டு இது. டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இந்தத் தவிப்பு நன்றாகவே புரியும். மெசேஜை டைப் செய்து, அனுப்பாமல் அழித்துவிடும் தலைமுறைக்கும்தான்!

ஹெட்போன் கட்டாயம்

இந்தப் பாடல்களைக் கேட்கும்போது ஹெட்போன் அவசியம். காரணம், இன்னொரு கிட்டார். ஜிம்முடன் வாசித்தவர் மோரி மியூலைசன். முறைப்படி பியானோ கற்றவர், கிட்டாரில் அபார விரல். முதலில் மோரிதான் பாடகர், ஜிம் அவருக்குப் பக்கவாத்தியம். பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஜிம்மின் கிட்டார் கதையை நகர்த்த, மோரியின் கிட்டார் மேலே மணிமணியாகப் பதில் சொல்லும். ஒன்றை ஒன்று மிதிக்காத இரண்டு கிட்டார்கள்.

1973 செப்டம்பர் 20. லூசியானா மாநிலம் நாக்கிடோஷில் ஒரு பல்கலைக்கழகத்தில் கச்சேரி முடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். சிறிய விமானம் மேலே எழும்பும்போதே ஒரு மரத்தில் மோதியது. விமானத்திலிருந்த ஆறு பேரும் இறந்தார்கள். ஜிம்மோடு மோரியும். மோரிக்கு வயது 24.

சில நாள்கள் கழித்து இங்க்ரிட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜிம் பயணத்திலிருந்து எழுதியது. ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திவிடப்போவதாகவும், வீட்டிலிருந்தபடி கதைகள் எழுதப்போவதாகவும் அதில் சொல்லியிருந்தார்.

அவர் எழுதாத ஒரே பாட்டு

14 பாடல்களில் ஒன்று மட்டும் ஜிம் எழுதியதல்ல. 'ஐ காட் எ நேம்'. சார்லஸ் ஃபாக்ஸும் நார்மன் கிம்பெலும் ஒரு படத்துக்காக உருவாக்கியது. அப்பாவின் பெயரையும், அவர் நிறைவேற்ற முடியாமல்போன கனவையும் சுமந்துகொண்டு நடக்கும் மகனின் பாட்டு. மகன் ஜெயித்ததைப் பார்க்காமலே ஜிம்மின் அப்பா போய்விட்டார். அதனால்தான் அடுத்தவர் எழுதிய பாட்டாக இருந்தும் ஜிம் பாடினார். சிங்கிளாக அது வெளியானது, விபத்துக்கு மறுநாள்.

ஜிம் இறந்தபோது மகன் ஏட்ரியன், அதாவது ஏ.ஜே. க்ரோச்சிக்கு இரண்டு வயது நிறைய எட்டு நாள்கள் பாக்கி. நான்கு வயதில் அவனுக்குப் பார்வை போனது. பிறகு ஒரு கண்ணில் ஓரளவு திரும்பியது. அப்பாவின் கிட்டாரை எடுக்காமல் பியானோ கற்றான். வளர்ந்து இசைக்கலைஞரான பிறகும் பல வருடங்கள் அப்பாவின் பாடல்களை மேடையில் தொடவில்லை. தனக்கென ஒரு பெயர் வேண்டும் என்ற பிடிவாதம்.

பின்னாளில் அப்பாவின் பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். ஒரு டேப்பில் ஜிம் தனக்காகப் பாடிப் பார்த்த, அதிகம் பேர் அறியாத பழைய பாடல்கள் இருந்தன. அவற்றில் சில, ஏ.ஜே. சிறுவயதிலிருந்தே தானாகத் தேடிப்பிடித்து வாசித்துவந்த அதே பாடல்கள்! யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்பாவும் மகனும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். இன்று 'க்ரோச்சி ப்ளேஸ் க்ரோச்சி' என்ற பெயரில் அப்பாவின் பாடல்களை மேடையில் பாடுகிறார் ஏ.ஜே.

குறை உண்டா?

உண்டு. 'அலபாமா ரெயின்' இல்லை. இங்க்ரிட்டுடன் சேர்ந்து எழுதிய 'ஏஜ்' இல்லை. ரசிகர்களைக் கேட்டால் இன்னும் இரண்டு, மூன்று சொல்வார்கள். ஆனாலும், ஜிம் க்ரோச்சியை முதன்முறை கேட்கப்போகிறவர் தொடங்க வேண்டிய இடம் இந்தத் தொகுப்புதான். பாடல்களை மாற்றிப்போடாமல், இருக்கும் வரிசையிலேயே கேளுங்கள்.

'ஐ'ல் ஹேவ் டு ஸே ஐ லவ் யூ இன் எ சாங்' வரும்போது சற்று நிதானியுங்கள். வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகு எழுதியது என்று இங்க்ரிட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நேரில் சொல்ல வாய் வராததைப் பாட்டில் சொல்லும் கணவனை அதில் கேட்கலாம். நல்லவேளை, அதைத் தள்ளிப்போடாமல் சொல்லிவிட்டார்.

கடைசிப் பாட்டு 'ரோலர் டெர்பி குயின்'. சறுக்குச் சக்கரப் போட்டியில் ஆண்களையே மிரட்டும் வாட்டசாட்டமான வீராங்கனையின் மேல் காதலில் விழுந்தவனின் வேடிக்கைப் பாட்டு. சோகத்தில் முடிக்க எவ்வளவோ காரணம் இருந்தும், தொகுப்பு சிரிப்பில் முடிகிறது. அது முடிந்ததும் கை தானாக முதல் பாட்டுக்குப் போகும்!